நுழைவுச்சீட்டும் தலைக்கட்டு வரியும்

பெர்ல் என்ற கணினி மொழியை லாரி வால் 1987இல் இலவசமாக வெளியிட்டார். பத்து ஆண்டுகள் கழித்து, 1997இல், ஓரைலி பதிப்பகம் அந்த மொழிக்கென்றே கலிபோர்னியாவில் ஒரு மாநாடு நடத்தியது. தரமான மாநாடுதான். ஆனால் வேலை கொடுத்த நிறுவனம் பணம் கட்டி அனுப்பினால் போய் உட்காரலாம் என்கிற அளவில் இருந்தது கட்டணம். 1999இல் பிட்ஸ்பர்க் நகரத்துக் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கெவின் லென்சோ வேறொரு கூட்டத்தைக் கூட்டினார். ‘இன்னும் ஒரு பெர்ல் மாநாடு’ என்பதுதான் அதன் பெயரே. மாணவர் தன் கைக்காசில் கட்டக்கூடிய கட்டணம், பல்கலைக்கழக அரங்குகள், ஊதியம் வாங்காத அமைப்பாளர்கள். ஆர்வலர்கள் தாங்களே கூடி நடத்தும் மென்பொருள் மாநாடு என்று இன்று பல நாடுகளில் வழங்கும் வடிவத்துக்கு அது ஒரு முன்னோடி.

லென்சோவின் முயற்சிக்குப் பின்னால் மிகப் பழைய கேள்வி ஒன்று நிற்கிறது. கொடையாகப் பெற்ற ஒன்றை விலைக்கு விற்கலாமா? மொழியை உருவாக்கியவர்களும் சும்மா கொடுத்தார்கள். அதில் நூலகங்களை எழுதிச் சேர்த்தவர்களும் சும்மா கொடுத்தார்கள். அதைப் பற்றி நாலு பேர் பேசுவதைக் கேட்பதற்கு மட்டும் வாசலில் ஏன் காசு?

ஐரோப்பாவின் திருச்சபை இந்தக் கேள்வியோடு பல நூற்றாண்டுகள் மல்லுக்கு நின்றது. தூய ஆவியை வழங்கும் அதிகாரத்தைப் பணம் கொடுத்து வாங்கப் பார்த்த சீமோன் என்ற மந்திரவாதியின் கதை விவிலியத்தின் அப்போஸ்தலர் பணி நூலில் வருகிறது. புனிதமானதை விற்பதற்கும் வாங்குவதற்கும் திருச்சபைச் சட்டம் அவன் பெயரையே சூட்டியது. அறிவும் கடவுளின் கொடை, ஆகவே அதையும் விற்கக் கூடாது என்று இடைக்காலச் சட்ட அறிஞர்கள் வாதிட்டார்கள். 1179இல் கூடிய மூன்றாம் லாத்தரன் பொதுச்சங்கம் ஒரு விதி செய்தது: ஒவ்வொரு பேராலயத்திலும் ஓர் ஆசிரியருக்கு மானியம் ஒதுக்க வேண்டும், அவர் குருமாணவர்களுக்கும் ஏழை மாணவர்களுக்கும் கட்டணமில்லாமல் கற்றுத்தர வேண்டும்.

அந்த விதியின் நேர்மை கவனிக்கத் தக்கது. பாடம் இலவசமாக வேண்டுமென்றால் வாத்தியார் சாப்பாட்டுக்கு யாராவது பொறுப்பேற்க வேண்டும் என்பதை அது மறைக்கவில்லை. மானியம் கிடைக்காத ஆசிரியர்கள் என்ன செய்வது? அவர்கள் வாங்குவது அறிவின் விலை அல்ல, உழைப்புக்கான கூலி என்று ஒரு சாரார் வழி கண்டார்கள். தாமஸ் அக்குவினாஸும் அருட்சாதனங்களைப் பற்றிப் பேசும்போது ஏறக்குறைய இதே கோட்டைத்தான் போட்டார்: வாழ்க்கைச் செலவுக்காகக் காணிக்கை பெறலாம், அருளுக்கு விலையாகப் பெறக் கூடாது.

இன்றைய மாநாட்டு அமைப்பாளர்களும் அந்தக் கோட்டில்தான் நின்றுகொண்டிருக்கிறார்கள். பேச்சுகள் காணொளியாக இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாகப் போய்விடும். சீட்டுக்கு வாங்கும் பணம் அரங்க வாடகைக்கும் ஒலிபெருக்கிக்கும் மதியச் சாப்பாட்டுக்கும். சென்னை லினக்ஸ் பயனர் குழு பல ஆண்டுகள் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை ஐஐடி மெட்ராஸின் வானூர்திப் பொறியியல் துறையில் கூடியது. அறை கிடைத்துவிட்டால் மாதச் சந்திப்புக்குப் பணமே வேண்டியதில்லை. விலை என்ற பேச்சு எழுவது பந்தி போடத் தொடங்கும்போதுதான். 2009இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பிறந்த, பைத்தான் கணினி மொழிக்கான பைகான் இந்தியா மாநாடு, 2019இல் சென்னைக்கு வந்தபோது நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடந்தது. கல்விக்கூடத்திலிருந்து வாடகை அரங்குக்கு ஒரு கூட்டம் இடம்பெயரும்போது அதன் கணக்குப் புத்தகமும் தடிமனாகிவிடும்.

இலவசத்தின் கஷ்டத்தை மிகக் கிட்டத்தில் பார்ப்பவர் சமையல் ஒப்பந்தக்காரரிடம் எண்ணிக்கை சொல்ல வேண்டிய தொண்டர். கட்டணமில்லாத ஒருநாள் கூட்டம் என்று வைத்துக்கொள்வோம். இருநூறு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். எத்தனை இலை என்று இரண்டு நாள் முன்பே சொல்லியாக வேண்டும். இருநூறு என்று சொன்னால் நூறு பேர் வந்து, மூடி திறக்காத சாம்பார் வாளிகள் மாலையில் ஆட்டோவில் ஏறும். நூற்றிருபது என்று சொன்ன அன்றைக்குப் பார்த்து நூற்றைம்பது பேர் வந்து நிற்பார்கள். கடைசி வரிசையில் நிற்கும் கல்லூரிப் பிள்ளைகளிடம் சோறு தீர்ந்துவிட்டது என்று சொல்ல வேண்டியிருக்கும். வராதவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்லர். இலவசமாகப் போட்ட பெயர் யாரையும் கட்டுப்படுத்தவில்லை, அவ்வளவுதான்.

நூறு ரூபாய் வைத்தால் வருவார்கள் என்பது உடனே தோன்றும் மருந்து. பெரும்பாலும் அது வேலையும் செய்கிறது. ஆனால் பணம் மனசாட்சியின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும் ஆபத்தும் உண்டு. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் யூரி நீசி, ஆல்டோ ருஸ்டிக்கினி என்ற பொருளியலாளர்கள் பத்துக் குழந்தைகள் காப்பகங்களில் செய்த சோதனை 2000இல் வெளிவந்தது. சாயங்காலம் பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சில காப்பகங்களில் 10 ஷெக்கல் அபராதம் விதித்தார்கள். தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரட்டிப்பானது. அதுவரை ஆசிரியையைக் காக்க வைக்கிறோமே என்று கூசியவர்கள், இப்போது காசு கட்டித் தாமதத்தை வாங்கினார்கள். அபராதத்தை எடுத்த பிறகும் பழைய கூச்சம் திரும்பவில்லை.

மாநாட்டுக்கும் இது பொருந்தும். நூறு ரூபாய் கட்டிவிட்டு வராமல் இருப்பவர், என் காசு போயிற்று, கணக்குத் தீர்ந்தது என்று நினைக்கலாம். வந்தவரும் காசுக்கு ஏற்ற சரக்கு கிடைத்ததா என்று எடை போடத் தொடங்கலாம். காபி ஆறியிருந்தால் அமைப்பாளரைக் கடிந்துகொள்வார். அந்த அமைப்பாளர் ஆறு மாதமாகத் தன் ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்து இந்த நாளை உண்டாக்கியவர் என்பது அவருக்குத் தெரியாமலே போய்விடும்.

ஆக, எவ்வளவு என்பதைவிட முதலில் கேட்க வேண்டியது, பணம் கொடுப்பவர் அந்தக் கூட்டத்தில் யார் என்பதைத்தான். வாடிக்கையாளரா, விருந்தாளியா, வீட்டுக்காரரா?

பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் ஆண்டுதோறும் குளிர்காலத்தில் கூடும் கட்டற்ற மென்பொருள் மாநாடான ஃபாஸ்டெம், எல்லோரையும் விருந்தாளியாக்கிவிட்டது. கட்டணம் இல்லை, முன்பதிவு கூட இல்லை. பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஆயிரக்கணக்கானோர் நேராக நடந்து வருகிறார்கள். புகழ்பெற்ற பேச்சாளரின் அறை நிரம்பிவிட்டால் கதவில் ‘நிறைந்துவிட்டது’ என்ற தாள் தொங்கும். யாராயிருந்தாலும் வெளியேதான் நிற்க வேண்டும். பணத்தால் முந்த முடியாத இடம் என்ற வகையில் அதற்கு ஓர் அழகு இருக்கிறது. திருப்பதியில் 300 ரூபாய் தரிசன வரிசையில் நின்று, பக்கத்து இலவச வரிசையைப் பார்த்து ஒரு கணம் சங்கடப்பட்ட யாருக்கும் அந்த அழகு புரியும். ஆனால் இடம் தரும் பல்கலைக்கழகமும் செலவைச் சுமக்கும் புரவலர்களும் இருக்கும்வரைதான் ஃபாஸ்டெம் சாத்தியம். 1179இன் மானியம் அங்கே இருபத்தோராம் நூற்றாண்டு உடையில் நிற்கிறது.

புரவலர் பணத்தைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். பேராலயத்து மானியம் மாணவனின் மின்னஞ்சல் முகவரியைக் கேட்கவில்லை. அரங்க வாசலில் கடை போட இடம் கேட்பது வேறு. மேடையில் அரைமணி நேரம் கேட்பது வேறு. வந்தவர்களின் பட்டியலைக் கேட்பது முற்றிலும் வேறு. முதலாவதில் குற்றமில்லை. இரண்டாவது, விளம்பரம் என்று வெளிப்படையாக அறிவிக்கப்பட்டால் பொறுத்துக்கொள்ளலாம். மூன்றாவதைக் கொடுக்கும் அமைப்பாளர், இலவசம் என்று அழைத்த விருந்தாளிகளையே விற்கிறார்.

பைகான் அமெரிக்கா ஃபாஸ்டெமுக்கு எதிர்த்திசையில் போனது. 2003இல் வாஷிங்டனில் தொடங்கிய இந்த மாநாட்டில் நெடுங்காலம் ஒரு கொள்கை இருந்தது: எல்லோரும் பணம் கட்ட வேண்டும். பேச்சாளர் கட்டினார், அமைப்பாளர் கட்டினார், பைத்தான் அறக்கட்டளையின் இயக்குநர்களும் கட்டினார்கள். நிறுவனம் அனுப்பினால் ஒரு கட்டணம், சொந்தக் காசென்றால் அதைவிடக் குறைவு, மாணவருக்கு இன்னும் குறைவு, முடியாதவர்களுக்கு நிதியுதவி. மீந்த பணம் அறக்கட்டளைக்குப் போய், பிற நாடுகளின் சிறு மாநாடுகளுக்கும் பயிற்சிப் பட்டறைகளுக்கும் நல்கையாகத் திரும்பும்.

இதை முதன்முறை கேட்கும் பலருக்கு அநியாயமாகத் தோன்றும். இரவெல்லாம் உட்கார்ந்து உரை தயாரித்தவரிடமே காசு கேட்பதா? தமிழ்நாட்டுக் கிராமத்தில் வளர்ந்தவருக்கோ இது புதிதில்லை. கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி எழுதும்போது, பந்தல் போடுபவரும் கொட்டு அடிக்க ஆள் பேசி வருபவரும் ஊர்த்தலைவரும் ஒரே வரியைத்தான் கொடுக்கிறார்கள். வசதி உள்ளவர் அதற்கு மேல் நன்கொடை எழுதலாம், அது தனிக்கணக்கு. கைம்பெண் வீட்டுக்கு அரை வரி, சில ஊரில் வரியே இல்லை. கொடை முடிந்ததும் கூட்டம் போட்டு வரவு செலவைப் படிப்பார்கள். வரி கொடுத்த யாரும் எழுந்து, வாழைத்தாருக்கு ஏன் இவ்வளவு என்று கேட்கலாம். கேட்பார்கள். அந்த வரி கோயிலுக்குள் நுழையக் கொடுத்த விலை இல்லை. இது என் கோயில் என்பதற்கான கையெழுத்து.

இந்த வழக்கத்தின் கொடிய பக்கத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் அதன் பொருள் முழுதாக விளங்கும். எத்தனையோ ஊர்களில் தலித் மக்களிடம் கோயில் வரி வாங்க மறுத்திருக்கிறார்கள். ‘எங்களிடமும் வரி வாங்கு’ என்பது அங்கே ஒரு போராட்டக் கோரிக்கை. காசு மிச்சம்தானே என்று யாரும் மகிழ்ந்ததில்லை. வாங்க மறுக்கப்பட்ட வரி, ஊரில் உனக்குப் பங்கில்லை என்ற அறிவிப்பு. தலைக்கட்டைக் கணக்கிடும்போது பெண்ணைத் தனித் தலையாக எண்ணாததும் அதே வகைதான்.

இந்த வெளிச்சத்தில் பார்த்தால் இலவசச் சீட்டு எப்போதும் கருணை ஆகிவிடாது. ஒரு சிற்றூர்ப் பொறியியல் கல்லூரி மாணவிக்குச் சீட்டைச் சும்மா நீட்டும்போது அவள் விருந்தாளியாகிறாள். விருந்தாளி அடுத்த ஆண்டு எந்த ஊரில் நடத்துவது என்று வாய் திறக்கமாட்டாள். அவளிடம் ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு, ஆண்டு முடிவில் கணக்கை அவளுக்கும் அனுப்பினால் நிலைமை வேறு. வேர்ட்பிரஸ் மென்பொருள் ஆர்வலர்களின் வேர்ட்கேம்ப் கூட்டங்களில் இதற்கு ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. சாதாரணச் சீட்டை வேண்டுமென்றே மலிவாக வைத்துவிட்டு, ஒருவர் வந்துபோக உண்மையில் எவ்வளவு ஆகிறது என்பதைச் சிறுபுரவலர் சீட்டின் விலையாகப் பக்கத்திலேயே போடுகிறார்கள். முழுச் செலவையும் ஏற்க விரும்புபவர் அதை வாங்கலாம். மலிவுச் சீட்டு வாங்குபவருக்கும், மீதியை வேறு யாரோ சுமக்கிறார்கள் என்பது கண்ணில் படுகிறது.

ஆனாலும் எல்லோருக்கும் ஒரே வரி என்பது ஊருக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமே நியாயம். லாகோஸிலிருந்தோ மதுரையிலிருந்தோ அமெரிக்காவுக்குப் பேச வருபவருக்கு விசாவும் விமானமும் தங்குமிடமும் சேர்ந்து சீட்டின் விலையைப் பல மடங்கு தாண்டிவிடும். அவரிடமும் ‘எல்லோரும் கட்டுகிறோம்’ என்று சொல்வது சமத்துவத்தின் பெயரால் நடக்கும் அநீதி. நிதியுதவி இல்லாத இடத்தில் அந்தக் கொள்கைக்கு நியாயமே கிடையாது.

உதவியை எப்படிக் கொடுப்பது என்பதற்கும் சமய மரபில் ஒரு வழி கிடைக்கிறது. எஸ். என். கோயங்கா மரபின் விபாசனா தியான மையங்களில் பத்து நாள் தங்கிப் பயிலக் கட்டணம் இல்லை. ஒரு முகாமையாவது முடித்தவரிடம் மட்டுமே நன்கொடை வாங்குகிறார்கள். முடித்தவர் கொடுப்பது தான் பெற்றதற்கு விலை ஆகாது, ஏனென்றால் அவருடைய செலவை முன்பே வேறொருவர் கொடுத்துவிட்டார். இவர் கொடுப்பது இனி வரப்போகும், முகம் தெரியாத ஒருவருக்கு. விற்பனையும் இல்லை, யாரும் யாருக்கும் கடன்பட்டுக் குனியவும் வேண்டாம். மாநாட்டுக்கு இது முழுமையாகப் பொருந்தாது. அரங்கத்துக்காரர் முன்பணம் கேட்பார். நிதியுதவிக்கு மட்டும் அப்படியே பொருந்தும். இந்த ஆண்டு சம்பளம் வாங்குபவர்கள் அடுத்த ஆண்டு மாணவர்களின் பயணத்துக்குப் பணம் போடலாம்.

2023 செப்டம்பரில் டெபியன் இயங்குதளத்தினரின் டெப்கான்ஃப் கொச்சியில் கூடியது. டெப்கான்ஃப் மாநாடுகளில் பதிவு செய்பவர் தன் வகையைத் தானே தேர்கிறார்: அடிப்படைப் பதிவுக்குக் கட்டணமில்லை, முடிந்தவர் தொழில்முறையாளர் கட்டணம் கட்டலாம், நிறுவனம் கொடுத்தால் நிறுவனக் கட்டணம். பயணத்துக்கும் தங்குவதற்கும் உதவி வேண்டுவோர், டெபியனுக்கு என்ன செய்தார்கள் என்பதையும், உதவி இல்லாவிட்டால் வர இயலுமா என்பதையும் தங்கள் சொற்களிலேயே சொல்கிறார்கள். தாசில்தார் கையெழுத்திட்ட வருமானச் சான்றிதழுக்கு அங்கே வேலையில்லை. மனுப் போட்டுப் போட்டுச் சலித்த நம் ஊர் மாணவருக்கு அந்த நம்பிக்கையே பெரிய மரியாதை.

ஒன்றை மட்டும் தமிழ்நாட்டு அமைப்பாளர்கள் அவசரமாக மாற்ற வேண்டும். நிதியுதவி பெறுபவரை, முதலில் சொந்தக் காசில் வந்துவிட்டு மாநாடு முடிந்தபின் ரசீது காட்டி வாங்கிக்கொள்ளச் சொல்வது பல இடங்களில் நடைமுறை. கணக்குத் தணிக்கைக்கு அது வசதிதான். ஆனால் தென்காசியிலிருந்து சென்னைக்கு ரயில் டிக்கெட் போட வழியில்லாததால்தானே அந்தப் பெண் விண்ணப்பமே போட்டாள்? பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே டிக்கெட்டை எடுத்து அவள் கைபேசிக்கு அனுப்பிவிடலாம். பத்துப் பேரில் ஒருவர் வராமல் போனால் அந்த ஒரு டிக்கெட்டின் நஷ்டத்தை, வரவு செலவு படிக்கும்போது ஒரு வரியாக எழுதிக்கொள்ளலாம்.