பெஞ்சில் இருந்தவனுக்கும் சரிபங்கு



பெரிய நோன்பு தொடங்குவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பூசை முடிந்து சனங்கள் எல்லாரும் வீடு திரும்பிய பின், ஒரு வாலிபன் சக்ரீஸ்து வாசலில் தயங்கித் தயங்கி நின்றான். நம் பங்குப் பிள்ளைதான். தகப்பன் சிமெண்டு ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர். பையன் வெளியூர்க் கல்லூரியில் படிக்கிறான். அந்தக் கல்லூரிக் கூடைப்பந்துக் கோஷ்டியில் ஆடுகிறவன். பெயரைச் சொல்ல மாட்டேன். அன்று அவன் பேசினது பாவசங்கீர்த்தனமல்ல, வெறும் மனக்குறை. அதை உங்களுக்குச் சொல்ல அவனே எனக்கு உத்தரவு கொடுத்திருக்கிறான்.

நடந்தது இதுதான். சென்ற வருஷம் ஒரு பந்தயத்தில் பந்துக்காக எகிறிக் குதித்தவன், ஒற்றைக் காலில் இறங்கி, முழங்கால் உள்ளே திரும்பி விழுந்தான். ஜவ்வு அறுந்துபோயிற்று. ஆபரேஷன் நடந்தது. பிறகு பத்து மாதம்: கட்டிலில் சில வாரம், கோல் ஊன்றிச் சில வாரம், காலை நீட்டி மடக்கும் பயிற்சி பல மாதம். ஒருவழியாக டாக்டர் "ஆடலாம்" என்றார். சந்தோஷமாய்க் கல்லூரிக்குப் போனான். போய்ப் பார்த்தால், இவன் ஆடின இடத்தில் வேறொரு பையன் ஆடிக்கொண்டிருக்கிறான், நன்றாகவும் ஆடுகிறான். பயிற்சியாளர் இவனைப் பெஞ்சில் உட்கார வைத்து, ஆட்டம் முடிய நாலு நிமிஷம் இருக்கும்போது இறக்கிவிடுகிறார்.

"ஒரு வருஷம் வீணாய்ப் போச்சு, சுவாமி. நாலு நிமிஷத்துக்காக நான் ஏன் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராய்ப் போக வேண்டும்? விட்டுவிடலாமென்று இருக்கிறேன்" என்றான். நான் பேசாமலிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் தலையைக் குனிந்துகொண்டு இன்னும் இரண்டு காரியம் சொன்னான். முதலாவது: "பயிற்சி முடிந்தால் முழங்கால் வீங்குகிறது. சொன்னால் அந்த நாலு நிமிஷமும் போய்விடும் என்று மாத்திரை போட்டு மறைக்கிறேன்." இரண்டாவது: "அந்தப் பையன் பந்தைத் தவறவிட்டால் எனக்கு உள்ளே சந்தோஷமாயிருக்கிறது, சுவாமி. அதுதான் பயமாயிருக்கிறது."

பிரியமானவர்களே, அந்தக் கடைசி வார்த்தையை என்னால் மறக்க முடியவில்லை. "அடுத்த வாரம் வா" என்று அனுப்பிவிட்டேன். நான் அந்த வாரத்தில் யோசித்து அவனுக்குச் சொன்னதைத்தான் இன்று உங்களுக்கும் சொல்கிறேன். ஏனென்றால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன் அவன் ஒருவன் மாத்திரமல்ல.

முதலில் அந்த விளையாட்டையே கொஞ்சம் பாருங்கள். 1891-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு என்னும் ஊரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர் இதை உண்டாக்கினார். அவர் சபை பிரிந்த சகோதரர்; வேதசாஸ்திரம் படித்தவர். வெளியே கடுங்குளிர், உள்ளே அடைபட்டு முரண்டு பண்ணிய மாணாக்கர் பதினெட்டுப் பேர். அவர்களுக்காகப் பழக்கூடை இரண்டைப் பத்து அடி உயரத்தில் அடித்து, அதில் பந்தைப் போடச் சொன்னார். இன்றைய சட்டப்படி ஆட்டம் 40 நிமிஷம். களத்தில் ஐந்து பேர், கோஷ்டியில் பன்னிரண்டு பேர். கணக்குப் போடுங்கள்: ஐந்து பேருக்கு 40 நிமிஷம் வீதம் மொத்தம் 200 நிமிஷம். இந்த இருநூற்றைப் பன்னிரண்டு பேருக்குள் பங்கிட வேண்டும். ஒருவனுக்குக் கூடினால் மற்றொருவனுக்குக் குறையத்தான் செய்யும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கால்பந்துப் பந்தயத்தில் வெளியே அழைக்கப்பட்டவன் அந்த ஆட்டத்தில் திரும்ப இறங்க முடியாது. கூடைப்பந்தில் அப்படியல்ல. ஐந்து தப்புச் செய்து விலக்கப்பட்டாலொழிய, வெளியே போனவன் எத்தனை தடவை வேண்டுமானாலும் திரும்ப வரலாம். உட்கார வைப்பது தள்ளிவிடுவதல்ல. சர்வேசுரன் நம்மை நடத்துகிற விதமும் இப்படித்தான் என்று எனக்குத் தோன்றிற்று. நம் அரியலூரையே பாருங்களேன்! 2001-ல் தனி மாவட்டம் ஆயிற்று. 2002-ல் மறுபடி பெரம்பலூரோடு சேர்த்து உட்கார வைத்தார்கள். 2007-ல் திரும்பக் களத்தில் இறக்கினார்கள். அதற்குள் ஊர் எங்கேயும் ஓடிப்போய்விடவில்லை!

"ஒரு வருஷம் வீணாய்ப் போச்சு" என்றானே, அதைப் பார்ப்போம். 1521-ம் வருஷம் மே மாதம் 20-ந் தேதி, ஸ்பெயின் தேசத்துப் பம்ப்ளோனா கோட்டையில் ஒரு வீரன் பீரங்கிக் குண்டு பட்டு விழுந்தான். வலது கால் நொறுங்கிற்று. மற்றக் காலிலும் காயம். வயது ஏறக்குறைய முப்பது. முதலில் கட்டின கட்டுச் சரியாய்ச் சேரவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய், எலும்பை மறுபடி உடைத்துப் பொருத்தினார்கள். மயக்க மருந்து இல்லாத காலம் அது! சேர்ந்த பிறகும் ஓர் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. "இப்படியிருந்தால் நான் அழகான பூட்சு போடுவது எப்படி?" என்று அதையும் அறுக்கச் சொன்னார். அவ்வளவு பெருமை! படுக்கையில் பொழுது போகாமல் வீரர் கதைப் புத்தகம் கேட்டார். அந்த வீட்டில் அது இல்லை. கிறீஸ்துநாதர் சரித்திரமும் அர்ச்சியசிஷ்டவர்கள் சரித்திரமும்தான் இருந்தன. வேறு வழியின்றி அவற்றை வாசித்தார். எழுந்திருக்கும்போது வேறு மனிதராய் எழுந்தார். அவர்தான் அர்ச். இஞ்ஞாசியார். கால் நேராகிவிடவில்லை, சாகுமட்டும் நொண்டித்தான் நடந்தார். முப்பத்துமூன்று வயதில், பார்சலோனாவில் சிறு பிள்ளைகளோடு உட்கார்ந்து இலத்தீன் இலக்கணம் படித்தார். போர்வீரனுக்கு அது எப்பேர்ப்பட்ட பெஞ்சு!

இது நமக்கு எட்டாத தூரத்துக் கதை என்கிறீர்களோ? அல்ல. அவர் ஏற்படுத்திய சேசு சபை 1540-ல் பாப்பரசரின் அங்கீகாரம் பெற்றது. அந்தச் சபையிலிருந்துதான் 1542-ல் அர்ச். சவேரியார் கோவாவுக்கு வந்தார். அதே சபையிலிருந்துதான் 1711-ல் வீரமாமுனிவர் மதுரை மிசியோனுக்கு வந்தார். அவர்தான் நம் ஏலாக்குறிச்சியைத் திருக்காவலூர் என்று பாடி, அங்கே அடைக்கல மாதாவுக்குக் கோவில் எழுப்பினவர். ஆகையால் அடுத்த தடவை நீங்கள் கொள்ளிடக் கரையோரம் ஏலாக்குறிச்சிக்கு நடந்துபோகும்போது, பம்ப்ளோனாவில் உடைந்த அந்தக் காலை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதங்களை வீணென்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

நம் பெரம்பலூர் விவசாயிக்கு இது தெரிந்த காரியம்தான். சின்ன வெங்காயத்தைப் பிடுங்கின கையோடு விதைக்கு ஊன்றுவாருண்டா? பட்டறை போட்டு, காற்றோட்டமாய் இரண்டு மாதம் இருப்பு வைக்கிறோம். அந்த உறக்கம் தெளிந்தால்தான் முளை ஒரே சீராய் வரும். பட்டறையில் கிடக்கிற விதை வெங்காயத்தைப் பார்த்து, "சோம்பேறி" என்று ஒருவரும் ஏசுவதில்லை. ஆனால் அழுகினதை மறைத்து வைத்தால் என்ன ஆகும்? பட்டறை முழுதும் கெட்டுப்போகும். வலியை மாத்திரை போட்டு மறைக்கிற வாலிபனுக்கு இதைவிட வேறென்ன சொல்ல? அறுந்த ஜவ்வுக்கு ஆபரேஷன் செய்தவர்கள், ஒன்பது மாதமாவது போகாமல் களத்தில் இறங்கக்கூடாதென்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். அவசரப்பட்டவர்களுக்கு மறுபடி அறுவது அதிகம். மாதக்கணக்கு முடிந்தாலும், வீக்கம் இருந்தால் கால் இன்னும் ஆயத்தமாகவில்லை என்றே அர்த்தம். பொறுமை புண்ணியம், வலியை ஒளிப்பது பொறுமையல்ல, அது ஒருவகைப் பொய்.

"பொறுத்திருந்தால் போதுமா? உழைக்க வேண்டாமா?" என்று சிலர் கேட்பீர்கள். வேண்டும். நம் அடுத்த சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவை அறிவீர்கள். ஐந்து வயதில், பள்ளிக்கூடம் போகும் வழியில் பஸ் ஏறி வலது கால் நசுங்கிப்போயிற்று. தாயார் காய்கறி விற்று வளர்த்தார். அந்தப் பிள்ளை 2016-ல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுவதில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் பெற்றார். 2021-ல் டோக்கியோவில் தொடக்க விழாவில் தேசக்கொடி ஏந்தும் பாக்கியம் அவருக்குக் கிடைத்திருந்தது. பிரயாணத்தில் நோய் கண்டவர் அருகில் இருந்தாரென்று கடைசி நேரத்தில் விலக்கிவைத்தார்கள். போட்டியன்று மழை, ஊனமான காலில் போட்டிருந்த உறை நனைந்து கனத்துப் போயிற்று. ஆனாலும் 1.86 தாண்டி வெள்ளி பெற்றார். 2024-ல் பாரீசில் 1.85 தாண்டி வெண்கலம். தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று எண்ணி, "இறங்கிக்கொண்டே போகிறார்" என்பது உலகத்தின் கணக்கு. மூன்று தடவையும் அந்தக் காலோடு ஓடிவந்து தாண்டினாரே, அதுவல்லவா கணக்கு!

இனி அந்த மூன்றாவது காரியத்துக்கு வருகிறேன், அதுதான் கனமானது. மற்றவன் தவறினால் நமக்குள் எழும்புகிற சந்தோஷம்! காலில் பட்ட காயம் பத்து மாதத்தில் ஆறும்; இது ஆறுவதற்கு வரப்பிரசாதம் வேண்டும்.

சாமுவேல் முதல் ஆகமம் 30-ம் அதிகாரத்தை வீட்டில் வாசியுங்கள். அமலேக்கியர் தாவீதின் ஊரைக் கொளுத்தி, பெண்டு பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். தாவீது 600 பேரோடு துரத்திப்போனான். பெசோர் ஓடைக்கு வந்தபோது 200 பேருக்கு மேலே ஓர் அடி வைக்கச் சக்தியில்லை. மூட்டை முடிச்சுகளைக் காத்துக்கொண்டு அங்கேயே தங்கினார்கள். 400 பேர் போய்ச் சண்டையிட்டு, எல்லாரையும் மீட்டு, கொள்ளைப்பொருளோடு திரும்பினார்கள். அவர்களில் சிலர், "உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒன்றும் கொடுக்கக்கூடாது" என்றார்கள். தாவீது சம்மதிக்கவில்லை. வெற்றி நம்முடையதல்ல, ஆண்டவர் தந்தது. ஆகையால் சண்டைக்குப் போனவனுக்கும் மூட்டை காத்தவனுக்கும் ஒரே பங்கு என்று தீர்த்தான். அன்று முதல் இஸ்ராயேலில் அதுவே சட்டமாயிற்று.

கவனித்தீர்களா? வெற்றி சர்வேசுரன் தந்தது என்று ஒத்துக்கொண்டால், பங்கைப் பற்றின சண்டை அங்கேயே தீர்ந்துபோகிறது. அந்தப் பையனிடம் நான் சொன்னேன்: "தம்பி, நாற்பது நிமிஷமும் உன்னுடையதல்ல, நாலு நிமிஷமும் உன்னுடையதல்ல. இரண்டும் உன்னிடம் ஒப்படைக்கப்பட்டவை. நாலில் பிரமாணிக்கமாயிரு. நமதாண்டவர் சொன்ன திராட்சைத் தோட்டத்து உவமையில், மாலை ஐந்து மணிக்கு வேலைக்குப் போனவனுக்கும் ஒரு முழுக் கூலி கிடைத்ததே! அவன் செய்ததெல்லாம், அழைத்தபோது எழுந்துபோனது மாத்திரம். ஆனால் ஐந்து மணிவரைக்கும் சந்தையை விட்டுப் போகாமல் நின்றான் பார்!"

பிரியமான குடும்பத்தாரே, உங்கள் வீட்டுப் பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? பக்கவாதத்தில் படுத்திருக்கும் தகப்பனாரா? பிரசவத்துக்குப்பின் வேலையை விட்டு நிற்கும் மருமகளா? பரீட்சையில் தவறி, மறுபரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையா? குடியை விட்டு மூன்று மாதமாகியும் யாரும் நம்பாத தம்பியா? அவர்களுக்குச் சாப்பாட்டில் பங்கு கொடுக்கிறீர்கள், சரி. பேச்சில் கொடுக்கிறீர்களா? வீட்டுக் காரியத்தில் யோசனை கேட்கிறீர்களா? தாவீதின் சட்டம் உங்கள் வீட்டில் நடக்கிறதா?

இந்த வாரத்துக்கு மூன்று பிரதிக்கினை செய்துகொள்வோம். ஒன்று: உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம், நிஜமான ஒரு சிறு வேலையை நம்பி ஒப்படைப்பது. இரண்டு: மறைத்து வைத்திருக்கும் வலி உடலிலிருந்தாலும் ஆத்துமத்திலிருந்தாலும், அதைச் சொல்ல வேண்டியவரிடம் சொல்லிவிடுவது. மூன்று: நம் இடத்தில் இருக்கிறவருக்காகப் பெயர் சொல்லி ஓர் அருள்நிறை மந்திரம் சொல்வது. மூன்றாவதுதான் தொண்டையில் சிக்கும். ஆகையால் அதை முதலில் செய்யுங்கள்.

அந்த வாலிபன் என்ன செய்தான் என்று கேட்பீர்கள். வீக்கத்தைப் பயிற்சியாளரிடம் சொல்லிவிட்டான். சொன்னதன் பலன், மூன்று வாரம் அந்த நாலு நிமிஷமும் போயிற்று! ஆனாலும் பையைத் தூக்கிக்கொண்டு கோஷ்டியோடு போனான். ஒருநாள் தன் இடத்தில் ஆடும் பையன், தான் விழுந்த மாதிரியே ஒற்றைக் காலில் இறங்குவதைப் பார்த்திருக்கிறான். ஆட்டம் முடிந்தபின் அவனைத் தனியே அழைத்து, இரண்டு காலையும் ஊன்றி, முழங்காலை மடக்கி இறங்கும் விதத்தைக் காட்டிக் கொடுத்தானாம். "அவன் கால் போயிருந்தால் எனக்கு இடம் கிடைத்திருக்கும், சுவாமி. காட்டிக் கொடுக்கும்போது அது ஞாபகத்துக்கு வரவேயில்லை" என்றான்.

பாஸ்கு திருநாளுக்கு வந்தவனிடம், "இப்போது எத்தனை நிமிஷம்?" என்று கேட்டேன். "ஆறு" என்று சிரித்தான்.

ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாவே, காத்திருக்கிற எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.

உங்கள் பங்குச் சுவாமி