வழியின் ஹக்கு: ஊர்வலம் பார்க்க இடம் பிடிப்பவர்களுக்கு

அல்ஹம்துலில்லாஹ், வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரஸூலில்லாஹ். அம்மா பஅத்!

  

ஜமாதுல் ஆகிர் பிறை நெருங்கிவிட்டது. வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர். அங்கே கொடி ஊர்வலம் நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் ரதங்களோடு புறப்பட்டு வரும். ஐந்து மினாராக்களிலும் கொடி ஏறும். பத்தாம் பிறை இரவு சந்தனக்கூடு வரும். நம் காரைக்காலிலும் மஸ்தான் சாஹிப் வலியுல்லாஹ் தர்கா கந்தூரிக்குக் கண்ணாடி ரதமும் பல்லக்கும் வீதி வலம் வரும். திருநள்ளாற்றில் இருக்கும் நமக்குக் கூட்டம் புதிதல்ல. சனிப்பெயர்ச்சி வந்தால் இந்த ஊர்ச் சாலைகள் என்ன பாடுபடும் என்று உங்களுக்கே தெரியும்.

கந்தூரி எடுப்பது பற்றிய சட்டங்களை இன்று நான் பேசவில்லை. அதை வேறொரு நாள் விரிவாகப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ். போவது என்று முடிவு செய்துவிட்டவர்கள் வீதியில் எப்படி நிற்க வேண்டும் என்பதே இன்றைய பேச்சு.

அஸர் தொழுகை முடிவதற்குள் பாய் விரித்தாகிவிடும். கடை வாசலில் நாற்காலி, நாற்காலிக்கு நாற்காலி கயிறு. ஆள் இல்லாத இடத்தில் ஒரு ஜோடி செருப்பு. கேட்டால், “எங்க வூட்டு ஆளுங்க வர்றாங்க நானா” என்று பதில். இருட்டிய பிறகு ஒரு குடும்பம் வரும். வயதான உம்மா நிற்க இடம் கேட்பார். வாய்ச்சண்டை, பிறகு கைகலப்பு. ரதம் பத்து நிமிடத்தில் கடந்துவிடும். இரண்டு குடும்பங்கள் பல வருடம் ஸலாம் சொல்லாமல் போகும்.

அருமையானவர்களே! பொது வீதி யாருடைய சொத்து? ஷாஃபிஈ மத்ஹபின் பெரும் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ‘மின்ஹாஜ்’ நூலில், தரிசு நிலங்களைப் பற்றிய பாடத்தில் இதைப் பேசுகிறார்கள். வீதியின் அடிப்படைப் பயன் நடந்து போவது. இளைப்பாறவோ, வியாபாரம் செய்யவோ உட்காரலாம். ஆனால் நடப்பவர்களுக்கு நெருக்கடி தரக்கூடாது. உட்காருவதற்கு அனுமதி உண்டு, அது நிபந்தனையோடு கூடிய அனுமதி.

சரி, முன்னால் வந்தவருக்கு உரிமை இல்லையா? உண்டு. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாகத் திர்மிதீ, அபூதாவூத், இப்னுமாஜாவில் ஒரு செய்தி வருகிறது. மினாவில் நபி (ஸல்) அவர்களுக்கு நிழல் தரும் ஒரு கட்டடம் எழுப்பித் தரலாமா என்று கேட்கப்பட்டது. பெருமானார் மறுத்துவிட்டார்கள். மினா, முந்தி வந்தவர் தங்கும் இடம் என்று சொன்னார்கள். யோசித்துப் பாருங்கள்! அண்ணலாருக்கென்று ஓர் இடத்தைப் பிடித்து வைக்க ஸஹாபாக்களில் யார் மறுத்திருப்பார்கள்? ஆனாலும் பொது இடத்தில் தமக்கென்று ஒரு நிரந்தர இடத்தை அவர்கள் ஏற்கவில்லை.

முந்தி வருவது என்றால் ஆள் வருவது. பாய் வந்தால் போதாது. பள்ளிவாசலில் முன்கூட்டியே முஸல்லாவை விரிக்கச் சொல்லி அனுப்பிவிட்டுத் தாமதமாக வருபவரைப் பற்றி நம் ஃபுகஹாக்கள் பேசியிருக்கிறார்கள். அடுத்தவர் அந்த விரிப்பை ஒதுக்கிவிட்டு அந்த இடத்தில் தொழலாம் என்கிறார்கள். விரித்தவருடைய சம்மதம் இல்லாமல் அதன் மேல் உட்காரக்கூடாது என்றும் சொல்கிறார்கள். இடம் பொதுவானது, பொருள் அவருடையது. அல்லாஹ்வின் வீட்டிலேயே விரிப்புக்கு உரிமை இல்லை என்றால், கடைத்தெருவில் செருப்புக்கு என்ன உரிமை? அதே நேரத்தில், ஒருவர் தேவைக்காக எழுந்து போய்த் திரும்பி வந்தால் அந்த இடத்துக்கு அவரே தகுதியானவர் என்று முஸ்லிமில் ஹதீஸ் இருக்கிறது. ஒளுச் செய்யப் போனவருடைய இடத்தைப் பறிப்பதும் அநியாயம்தான்.

அடுத்து, சிறுபிள்ளைகள். முன்னால் நிற்கும் பையனைத் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளுகிறோம். நபி (ஸல்) அவர்களின் வலப்பக்கம் ஒரு சிறுவர் இருந்தார், இடப்பக்கம் பெரியவர்கள் இருந்தார்கள். பானத்தைப் பெரியவர்களுக்கு முதலில் தரலாமா என்று அந்தச் சிறுவரிடம் அனுமதி கேட்டார்கள். தங்களிடமிருந்து கிடைக்கும் பங்கை யாருக்கும் விட்டுத் தரமாட்டேன் என்றார் சிறுவர். அவரிடமே கொடுத்தார்கள். புகாரியில் இருக்கிறது. சிறுவருடைய முறையைக் கேட்காமல் எடுக்க நபிக்கே மனம் வரவில்லை.

வீதிகளில் உட்காருவதைத் தவிர்க்கச் சொன்னபோது, வேறு வழியில்லை யா ரஸூலல்லாஹ் என்றார்கள் தோழர்கள். அப்படியானால் வழிக்குரிய ஹக்கைக் கொடுங்கள் என்றார்கள் பெருமானார்: பார்வையைத் தாழ்த்துவது, தொல்லை தராமல் இருப்பது, ஸலாமுக்குப் பதில் சொல்வது, நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பது. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வரும் ஹதீஸ். இந்த நான்கையும் சந்தனக்கூடு இரவில் நாகூர் வீதியில் வைத்துப் பாருங்கள். எத்தனை தேறும்?

இது மரியாதையோடு முடிகிற விஷயமில்லை, உயிர்ப் பிரச்சினை. 1992-இல் கும்பகோணம் மகாமகத்தில் நெரிசலில் மக்கள் இறந்தார்கள். 2015-இல் மினாவிலேயே, அரசுக் கணக்கின்படி 769 ஹாஜிகள். 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் ஒரு தலைவரைப் பார்க்கக் காத்திருந்த கூட்டத்தில் 41 பேர், அதில் குழந்தைகளும் உண்டு. இறந்தவர்களில் யாரும் சாகப் போகவில்லை, பார்க்கப் போனார்கள். நாம் கட்டும் ஒரு கயிறு, ஒரு சந்தை அடைக்கும் நாற்காலி, ஆம்புலன்ஸ் வரும்போது மூச்சுத் திணறும் ஒருவருக்கு மரணமாகிவிடலாம். அதற்கு அல்லாஹ்விடம் என்ன பதில் வைத்திருக்கிறோம்?

ஆகவே சில காரியங்களை உறுதியாகக் கொள்ளுங்கள். ஆள் இல்லாமல் பாயோ நாற்காலியோ போடாதீர்கள். சந்து முனையையும் அடுத்தவர் வாசலையும் அடைக்காதீர்கள். அங்கே இருப்பவர் எந்த மதத்தவராக இருந்தாலும் அண்டைவீட்டார் ஹக்கு அவருக்கு உண்டு. முதியவர், கர்ப்பிணி, குழந்தையோடு வந்தவர் யாராவது வந்தால் கேட்கும் முன் நகர்ந்து கொடுங்கள். சபைகளில் இடம் விடுங்கள், அல்லாஹ் உங்களுக்கு விசாலத்தைத் தருவான் என்ற கருத்து முஜாதலா சூராவின் 11-ஆம் வசனத்தில் இருக்கிறது. ஒரு முழ இடம் கொடுத்தவனுக்கு அல்லாஹ் கப்ரில் விசாலம் தந்தால் அது நஷ்டமா?

கடைசியாக ஒன்று. முதல் ஸஃப்பின் நன்மை தெரிந்தால் மக்கள் சீட்டுக் குலுக்கியாவது அதை அடைவார்கள் என்று நபி (ஸல்) சொன்னார்கள். அங்கேயும் முழங்கைக்கு வேலையில்லை. ரதத்துக்கு அஸரிலேயே இடம் பிடிக்கிற நாம், ஜும்ஆவுக்கு குத்பா தொடங்கிய பிறகு வந்து, பிடரிகளைத் தாண்டிக்கொண்டு முன்னால் போகிறோம். அப்படித் தாண்டி வந்த ஒருவரைப் பார்த்து, உட்காரும், தொல்லை கொடுத்துவிட்டீர் என்று சொன்னார்கள் நாயகம். அடுத்த வெள்ளி பாங்குக்கு முன்னால் வாருங்கள். பிடிக்கத் தகுந்த இடம் இங்கே காலியாக இருக்கிறது.

யா அல்லாஹ்! எங்கள் கால்களாலும் கைகளாலும் யாருக்கும் தொல்லை வராமல் காப்பாயாக. கூட்டத்திற்குப் போகும் எங்கள் பிள்ளைகளைப் பத்திரமாக வீடு சேர்ப்பாயாக. இடம் விட்டுக் கொடுக்கும் மனதை எங்களுக்குத் தருவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.