இரண்டாம் தொழில்

வேலையில் அடிபட்டவனிடம் எல்லோரும் பணத்தைத்தான் விசாரிக்கிறார்கள். "எவ்வளவு குடுத்தாங்க?" என்று கேட்காதவர் என் உறவில் யாருமில்லை. "அடுத்து என்ன தொழில் கத்துக்கப் போறீங்க?" என்று கேட்டவர் ஒரே ஒருவர். இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் என் தாள்களை வாங்கிப் பார்த்த எழுத்தர் அம்மா. அப்படி ஒரு கேள்வி எனக்கு இருக்கிறது என்பதே அன்றுதான் உறைத்தது.

நான் அம்பத்தூரில் தகடு வெட்டும் பவர் பிரஸ் ஓட்டியவன். வலது கையில் கட்டைவிரல் தவிர மற்ற நான்கும் போய்விட்டன. அது எப்படி நடந்தது என்று பிரஸ் ஷாப்பில் நின்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை; மற்றவர்களுக்குச் சொல்ல எனக்கு மனமில்லை.

இழப்பைச் சட்டம் எப்படி எண்ணுகிறது என்பதைச் சொல்கிறேன். இ.எஸ்.ஐ.க்கான சட்டத்தில் ஓர் அட்டவணை இருக்கிறது. ஒரு கையில் நான்கு விரல்கள் போனால் சம்பாதிக்கும் திறனில் 50 விழுக்காடு இழப்பு. மூன்று போனால் 30, இரண்டு என்றால் 20, ஆள்காட்டி விரல் மட்டும் என்றால் 14. காயம் ஆறும் வரை சராசரிக் கூலியில் 90 விழுக்காடு தருகிறார்கள். பிறகு மெடிக்கல் போர்டு சொல்லும் விழுக்காட்டுக்கு ஏற்ப அதில் ஒரு பங்கு ஆயுள் முழுக்க வரும். நாள் கூலி 600 ரூபாய் வாங்கியவருக்கு 90 விழுக்காடு 540. 50 விழுக்காடு இழப்பென்றால் அதில் பாதி, 270.

இதே இ.எஸ்.ஐ.யில்தான் மறுபயிற்சிக்கும் வழி இருக்கிறது. வேலைக் காயத்தால் 40 விழுக்காட்டுக்குக் குறையாத ஊனம், 45க்கு மேற்படாத வயது, இவை இரண்டும் இருந்தால் தொழிற்பயிற்சிக்குப் போகலாம். பயிற்சி முடியும் வரை நாளொன்றுக்கு 123 ரூபாய் அல்லது பயிற்சிக் கட்டணம், எது அதிகமோ அதைத் தருவார்கள். "வேற வேலைக்குப் போனா பென்ஷன் நின்னுடும்" என்று பலர் பயந்து ஒதுங்குகிறார்கள். நிற்காது. ஊனத் தொகை விரலுக்கானது. புது வேலையில் சம்பளம் வாங்கினாலும் அது தொடரும். இதை மட்டுமாவது அடிபட்ட ஒவ்வொருவருக்கும் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஆனாலும் தயக்கத்துக்குக் காரணம் அந்தப் பயம் மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பென்ஷன் நம்மிடம் பெரிதாக எதையும் கேட்பதில்லை. மாதம் பிறந்தால் வங்கிக்கு வந்துவிடும். பயிற்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டுமென்றால், பழைய வேலை முடிந்துவிட்டது என்று நம் வாயால் நாமே சொல்லியாக வேண்டும். பிரஸ் ஓடும் சத்தத்தைக் கேட்டே டை மழுங்கிவிட்டதா என்று சொல்லக் கூடியவன் நான். பீஸின் ஓரத்தை விரலால் தடவி, பிசிறு எவ்வளவு என்று சொல்வேன். வெர்னியர் வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய அதுவே இருக்கும். அந்த மதிப்பை வெளியே விட்டுவிட்டு, இடது கையில் பேனா பிடிக்கப் பழகி, பத்தொன்பது வயதுப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். வங்கியில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று புதுக் கையெழுத்துக் கேட்டார்கள். அந்தத் தாளில் என் பெயரை எழுதி முடிக்க வெகுநேரம் பிடித்தது. வீட்டில், "பென்ஷன்தான் வருதே, எதுக்குங்க இந்த அலைச்சல்?" என்றாள் மனைவி. அன்பினால் சொன்ன வார்த்தை. அதற்கு இணங்கிவிடுவது எவ்வளவு எளிது என்பது அனுபவித்தவருக்குத் தெரியும்.

கிண்டியில் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வேலைவாய்ப்பு சேவை மையம் இருக்கிறது. அங்கே முதலில் சோதிக்கிறார்கள்: மிச்சமிருக்கும் கையால் என்ன முடியும், எதில் நாட்டம். என்னிடம் பேசியவர் பிரஸ் வேலையைப் பற்றியே நெடுநேரம் கேட்டார். கணினிப் பயிற்சியில் சேர்ந்தேன். பிறகு வெளியே வரைபடம் போடக் கற்றேன். இன்று ஒரு டூல் ரூமில் டை வரைபடங்களைச் சரிபார்க்கிறேன். எந்த முனை முதலில் தேயும் என்று திரையைப் பார்த்தே சொல்ல முடிகிறது. பழைய தொழில் தெரியாதவனுக்கு இந்த இரண்டாம் தொழில் இவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது. எனவே இருக்கிற வகுப்பில் இடம் காலி என்று ஆளைச் சேர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அவன் செய்த வேலையிலிருந்துதான் அடுத்ததைத் தேட வேண்டும்.

நான் பிரஸ் ஓட்டிய ஷெட்டிலேயே வேலை பார்த்த என் நண்பருக்கு மூன்று விரல்கள் போயின. 30 விழுக்காடு. பயிற்சிக்குத் தகுதி இல்லை. மேசையில் எழுதும் ஒருவர் மூன்று விரல்களை இழந்தால் சில மாதங்களில் அதே நாற்காலிக்குத் திரும்பக்கூடும். பிரஸ் ஓட்டுபவரால் முடியாது. என் நண்பர் இப்போது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவுக் காவல். இன்னொருவருக்கு விழுக்காடு போதும், வயது 47. உழைக்க வேண்டிய வருடங்கள் அவருக்கு இன்னும் பத்துக்கு மேல் மிச்சம். இந்த 40ஐயும் 45ஐயும் தளர்த்தச் சொல்லித் தொழிற்சங்கங்கள் பேச வேண்டும். எத்தனை விரல் போயிற்று என்பதோடு, அந்தக் கை என்ன வேலை செய்தது என்றும் போர்டு எழுதிக்கொள்ளட்டும். பயிற்சிக்கான தகுதியை அதை வைத்தும் முடிவு செய்யட்டும். அப்படியிருந்தால் என் நண்பருக்கும் கிண்டியில் ஓர் இடம் கிடைத்திருக்கும்.