எல்லைக் கோட்டுக்கு அப்பால் ஏழாம் கட்டளை

மீனுக்கு எல்லை கிடையாது என்று அக்கரையிலே சொல்கிறார்கள். மீனுக்கு இல்லைத்தான்; படகுக்கு உண்டு. இந்தியாவும் இலங்கையும் 1974இலும் 1976இலும் செய்த உடன்படிக்கைகள் கடலிலே கோடு வகுத்தன. ஒரு நாட்டு மீனவர் மறுநாட்டுக் கடலில் அனுமதியின்றித் தொழில் செய்யலாகாது என்று 1976 மார்ச்சில் கடிதமும் பரிமாறிக்கொண்டார்கள்.

யுத்த காலத்தில் எம்மவர்க்குக் கடல் மறுக்கப்பட்டிருந்தது. அது தீர்ந்து முல்லைத்தீவுக் கரைக்கு மீண்டவர்கள் கண்டது றோலர்களை. இழுவைமடி கடலின் அடித்தரையையே வாரிச் செல்கிறது. குஞ்சும் தப்பாது, கடன்பட்டு வாங்கி விரித்த வலையும் தப்பாது. 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் இம்முறையை இலங்கையில் தடை செய்தது.

உலகின் செல்வங்கள் எல்லாருக்கும் உரியவை என இரண்டாம் வத்திக்கான் சங்கம் போதிக்கவில்லையா என்று ஒருவர் கேட்கலாம். போதிக்கிறது. ஆனால் இயந்திர வலு கூடியவனுக்கு உரியவை என்று அது சொல்லவில்லை. இனிப் பிறக்கவிருக்கும் பிள்ளையும் அந்த 'எல்லாரில்' ஒருவன்.

சட்டத்தின் கை எட்டாத இடமும் இங்கே உண்டு. கடற்படை பிடிப்பது கூலிக்கோ பங்குக்கோ ஏறிவந்த தொழிலாளியை. அவன் விளக்கமறியலில் கிடக்க, அனுப்பிய முதலாளி தன் ஊரில் இருக்கிறார். படகை மீட்க வேண்டுமானால் அவர் எமது நீதிமன்றத்துக்கு வரவேண்டும், பலர் வருவதில்லை. 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கை, பொருளாதார வலயத்தில் பிடிபட்டவர்களைத் தகுந்த பிணையில் விரைந்து விடவேண்டும் என்றும், நாடுகளிடையே வேறு உடன்பாடு இல்லாவிடில் மீன்பிடிக் குற்றத்துக்குச் சிறை கூடாது என்றும் கூறுகிறது. கரையிலிருந்து 12 கடல்மைலுக்குள் அந்த விதி செல்லாது. எனினும் கூலியாளிடம் இரக்கம் காட்ட எந்தச் சட்டமும் தடையல்ல.

முதலாளியைக் கேட்க வேண்டியது அவருடைய அரசு. தன் குடிமகன் வெளியே செய்யும் தீங்குக்கும் சட்டம் இயற்ற ஓர் அரசுக்கு உரிமையுண்டு. அது கேளாதிருந்தாலும் ஏழாம் கட்டளை கேட்கும். களவெடுத்தவன் பாவசங்கீர்த்தனம் செய்தால் மட்டும் போதாது, பறித்ததைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும் என்று சிறுவயதிலேயே ஞானோபதேசத்தில் படித்தோம். கிழிந்த வலைக்கு ஈடு கொடுப்பது அக்கடனில் அடங்கும்; நீதவான் கட்டளையிடும்வரை அது காத்திருப்பதில்லை.

கச்சதீவு அந்தோனியார் திருவிழாவுக்கு இந்திய யாத்திரிகர் விசாவின்றி வரலாம் என்பது 1974ஆம் ஆண்டின் உடன்படிக்கை. அங்கே கூடும் இரு கரைக் குருக்களும் வலைகளின் கணக்கை எடுத்துப் பேசத் தொடங்கலாம். அதற்குக் கொழும்பினதோ டில்லியினதோ அனுமதி வேண்டியதில்லை.