சதுரம் செவ்வகமாகுமா?

ஒரு பொருளை இன்னதென்று நிர்ணயிப்பது அதன் லட்சணமா, அதன் நடத்தையா என்ற கேள்வி தத்துவ சாஸ்திரத்தில் மிகப் பழையது. இனம், உட்பிரிவு, அவ்வுட்பிரிவைப் பிரித்துக் காட்டும் தனிக்குணம் என்று உலகத்துப் பொருள்களை வகுத்து நோக்கிய அரிஸ்டாட்டில், லட்சணத்தின் பக்கமே நின்றார் எனலாம். அக்கேள்வியே இன்று கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதுவோர் முன் மீண்டும் எழுந்து நிற்கிறது.

நார்வே தேசத்து ஓலெ யோஹான் டாலும் கிறிஸ்டன் நிகார்டும் 1967-ல் அறிமுகப்படுத்திய சிமுலா 67 மொழி தொடங்கி, ஆப்ஜெக்டுகளைக் கிளாஸ்கள் எனும் வகைகளாக வகுத்து, ஒரு கிளாஸின் குணங்களை மற்றொன்று வாரிசாகப் பெறும்படி அமைக்கும் முறை எங்கும் பரவிவிட்டது. இம்முறையில் எழுதப் புகும் மாணவன், பள்ளியில் கற்ற க்ஷேத்திரகணிதத்தை நம்பி, பக்கங்கள் யாவும் சமமான செவ்வகமே சதுரம் என்று கொண்டு, சதுரத்தைச் செவ்வகத்தின் வாரிசாக்குகிறான். லட்சணப்படி இதில் பிழை யாதொன்றும் இல்லை. ஆனால், செவ்வகத்தை எதிர்பார்த்து எழுதப்பட்ட வேறொரு பகுதி, அகலத்தை 5 என்றும் பிறகு உயரத்தை 4 என்றும் அமைத்துவிட்டுப் பரப்பு 20 என்று நம்பியிருக்க, அவ்விடத்தில் வந்து நின்ற சதுரமோ, பக்கங்கள் சமமாயிருக்க வேண்டுமென்ற தன் தர்மத்தைக் காக்கும் பொருட்டு அகலத்தையும் 4 ஆக்கிக்கொண்டு, 16 என்று விடை பகர்கிறது. சதுரத்திலும் குற்றமில்லை, செவ்வகத்திலும் குற்றமில்லை. இரண்டுக்கும் கற்பித்த உறவிலேதான் குற்றம்.

அமெரிக்க விஞ்ஞானி பார்பரா லிஸ்கோவ் 1987-ல் ஆற்றிய உரையொன்றில் இதற்கு ஒரு பிரமாணம் வகுத்து, 1994-ல் ஜீனெட் விங்குடன் எழுதிய கட்டுரையில் அதை விரித்துரைத்தார். மூத்த வகை நின்று பணிபுரியும் இடத்தில் இளைய வகையை நிறுத்தினாலும், மூத்ததன் வாக்கை நம்பியிருப்பவன் ஏமாறலாகாது என்பதே அதன் சாரம்.

அப்படியாயின் அரிஸ்டாட்டில் தோற்றாரா? இல்லை என்றே எண்ணுகிறேன். க்ஷேத்திரகணிதத்தின் சதுரத்துக்கு நேற்றுமில்லை, நாளையுமில்லை. நிரலில் பிறந்த சதுரமோ காலத்தில் வாழ்கிறது, பிறர் கைப்பட்டு மாறுகிறது. ஒருமுறை அமைத்த அளவுகளை எவரும் மாற்ற இயலாதபடி இரண்டையும் எழுதிவிட்டால், அக்கணமே சதுரம் மறுபடியும் செவ்வகமாகிவிடுகிறது! நெடுநாள் என் சிந்தையை விட்டகலாத நுட்பம் இது. நித்தியமான பொருளுக்கு லட்சணம் போதும். மாறும் பொருளிடம் அதன் நடத்தையையும் கேட்டாக வேண்டும். மாறக்கூடிய தீர்மானம் ஒவ்வொன்றையும் நிரலின் ஒரு பகுதிக்குள்ளே மறைத்து வைக்க வேண்டுமென்று கம்ப்யூட்டர் விஞ்ஞானி டேவிட் பார்னாஸ் 1972-ல் எழுதியதும் காலத்தை எண்ணிச் சொன்னதேயாம். எழுதியவர் வேலையை விட்டுப்போன பின்பும் நிரல் ஓடிக்கொண்டிருக்கிறது, முன்பின் அறியாத ஒருவர் அதைத் திறந்து திருத்த வேண்டியிருக்கிறது.

அளவுகள் மாறியே தீரவேண்டிய நிரலானால், சதுரத்தையும் செவ்வகத்தையும் தந்தையும் மகனுமாக வைக்காமல், பரப்பைச் சொல்வேன் என்று மட்டுமே வாக்களிக்கும் ‘வடிவம்’ என்ற பொதுவகையின் கீழ் உடன்பிறந்தாராக்கிவிடுங்கள். அகலத்தைத் தனியே மாற்ற விரும்பும் பகுதிக்கு அப்போது செவ்வகம் மட்டுமே போய்ச் சேரும்; அது எதிர்பார்த்த 20-ம் கிடைக்கும்.