ஓசையும் குறியும்

கைத்துப்பாக்கியின் குழாயில் சைலென்சரைத் திருகியதும் ஒரு சங்கடம் வருகிறது. அது குழாயைவிடப் பருமன். குறிமுள்ளுக்கும் பின்னாலுள்ள பிளவுக்கும் நேரே, இலக்கை மறைத்துக்கொண்டு நிற்கிறது. சத்தத்தை அடக்கப்போய்ப் பார்வை போகிறது.

பரிகாரங்கள் உண்டு. 1909-ல் அமெரிக்காவில் சைலென்சருக்குக் காப்புரிமை பெற்ற ஹைரம் பெர்சி மாக்சிம், தம் ரைபிள் சைலென்சர்களில் துளையை நடுவில் வைக்காமல் மேலே ஒதுக்கினார். பருமன் கீழே தொங்கியது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ரகசியப் படை கொண்டுபோன வெல்ராடில் குழாயே சைலென்சர். முள் அதன் முதுகிலேயே. இன்று முள்ளை உயரமாக்கிவிடுகிறார்கள். ஓசை போகலாம், குறி மட்டும் போகக்கூடாது என்பதில் இவர்கள் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

எனக்கு உறுத்துவது இந்த நிச்சயம்தான். கொலையில் பார்வை சுடுபவனுடையது, ஓசை மற்றவர்களுடையது. தெருவுக்கும் அடுத்த வீட்டுக்கும் அதில் கிடைக்கிற ஒரே பங்கு அது. சைலென்சர் அந்தப் பங்கைப் பிடுங்கிவிட்டு, சுடுபவன் பங்கை ஜாக்கிரதையாகக் காப்பாற்றித் தருகிறது. காதுக்குப் பாதுகாப்பு என்பார்கள். நியாயம்தான்; இயந்திரத் துப்பாக்கி செய்த மாக்சிமின் தகப்பனாருக்குக் காது மந்தமாகிவிட்டது. பின்லாந்தில் வேட்டைக்காரர்கள் சாதாரணமாகவே மாட்டிக்கொள்கிறார்கள். வேட்டையில் சாட்சி தேவைப்படுவதில்லை.

1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ஸ்டேஷனில், ரயில் பெட்டியில் இருந்த கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் அருகிலிருந்து சுட்டபோது, சைலென்சர் உலகத்துக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவருக்கு அதனால் உபயோகமில்லை. அவ்வளவு கிட்டத்தில் குறிமுள்ளும் அவசியமில்லை. ஊர் கேட்க வேண்டும் என்பதற்காகவே வெடித்த துப்பாக்கி அது. சட்டைப்பையில் கடிதம் வேறு. அந்தக் கொலையை நான் ஏற்கவில்லை. ஆனால் செய்தவர் தம் செயலின் ஓசையை மறைக்க நினைக்கவில்லை என்பதை ஒதுக்கிவிட முடியவில்லை.

இந்த வாதத்துக்கு எங்கள் பக்கத்திலேயே ஒரு தடை இருக்கிறது. ஓசை கேட்டால் போதுமா? 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை ஜில்லாவின் கீழவெண்மணியில், ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்துபோனார்கள். துப்பாக்கிகளும் வெடித்தன. யாரும் எதையும் அடக்கவில்லை. அறுப்புக் காலத்து வயல்வெளியில் சத்தம் வெகுதூரம் போகும். கேட்டவர்கள் இருந்தார்கள், பார்த்தவர்களும் இருந்தார்கள், கோர்ட்டில் சாட்சியும் சொன்னார்கள். மிராசுதார்கள் தாங்களே நேரில் நடந்து வந்து இதைச் செய்திருப்பார்கள் என்று நம்பமுடியவில்லை என்று சொல்லி உயர்நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது.