கீழ் ஸ்வரத்தின் நியாயம்

ஒரு வாத்தியத்தைத் தேர்ந்தெடுப்பது ரசனை சம்பந்தப்பட்ட விஷயம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அதில் வேறொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது என்பது, சேலத்தில் ஒரு கடையில் இரண்டு பேஸ் கிடார்களை மாற்றி மாற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது.

பகலில் நான் வங்கிக் குமாஸ்தா. பண்டிகை மாதங்களின் இரவுகளில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிக்கிறேன். ஆறு பேர். பாப்பிரெட்டிப்பட்டி, பொம்மிடி, கடத்தூர், அரூர் என்று சுற்றுவட்டாரத்திலேயே எங்கள் மேடைகள் முடிந்துவிடும். மஞ்சவாடிக் கணவாயைத் தாண்டிப் போவது வருஷத்தில் இரண்டு மூன்று தடவை. கிடைப்பதை ஆறாகப் பங்கிட்டுக்கொள்கிறோம். என் பழைய கிடாரின் கழுத்து வளைந்துபோய், எங்கே விரலை வைத்தாலும் தந்தி இரைய ஆரம்பித்தது. புதிது வாங்கப்போகிறேன் என்றதும் குழுவை நடத்துகிறவர் சொன்னார்: "எதுக்கு சார் புதுசு? கீபோர்டுல இடது கையாலயே பேஸைப் போட்டுடலாம். கோயில் ஸ்பீக்கர்ல அது யாருக்குக் கேக்குது?"

அவர் சொன்னதில் வன்மம் இல்லை, கணக்குத்தான் இருந்தது. ஆறு ஐந்தாகும். பாடகிக்கும் டிரம்ஸ் வாசிப்பவருக்கும் இதுதான் ஜீவனம். எனக்கு முதல் தேதி சம்பளம் வந்துவிடுகிறது. ஆகவே எந்த பேஸை வாங்குவது என்ற கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. யாருக்கும் கேட்காத ஒன்றை வாசித்துவிட்டு, அதற்கு ஒரு பங்கு வாங்குவதற்கு எனக்கு என்ன நியாயம் இருக்கிறது?

கேட்காது என்பது முதலில் சரியா என்று பார்க்க வேண்டும். லியோ ஃபெண்டர் 1951இல் மின் பேஸைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது அதற்கு 'பிரிஸிஷன்' என்று பெயர் வைத்தார். ஆள் உயர டபுள் பேஸில் விரல் ஸ்வரத்தைத் தேடிப் போக வேண்டும். இதில் கழுத்துப் பலகையில் பதித்த கம்பிக் கட்டைகள் ஸ்வரத்தின் இடத்தைத் தீர்மானித்துவிடுகின்றன. நான்கு தந்திகள். மிகவும் கீழே இருப்பது விநாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. கோயில் கம்பத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் இவ்வளவு கீழே இறங்கவே இறங்காது. ஆனால் காது விசித்திரமானது. ஒரு ஸ்வரத்தின் மேல் அதிர்வுகள் மட்டும் வந்து சேர்ந்தாலும், வராத அடி ஸ்வரத்தை அது தானே ஊகித்துப் போட்டுக்கொள்கிறது. ஆக, ஸ்பீக்கர் தராததைக் கேட்பவன் தன் பங்குக்கு வாசிக்கிறான். வாசிக்கிறோம் என்பது அவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

தமிழ்க் காது இதற்கு நன்றாகவே பழகிய காது. 1976இல் 'அன்னக்கிளி' வந்ததிலிருந்து அடுத்த பத்துப் பதினைந்து வருஷங்களில் இளையராஜா, பாட்டுக்கு அடியில் இன்னொரு பாட்டாக பேஸை ஓடவிட்டார். டீக்கடையிலும் டவுன் பஸ்ஸிலும் அதைக் கேட்டுக் கேட்டே இரண்டு தலைமுறை வளர்ந்தது. அது இல்லாமல் அந்தப் பாட்டைத் தனக்குள் முணுமுணுக்கக்கூட முடியாத ஒருவனிடம் பேஸ் என்றால் என்ன என்று கேட்டால் விழிப்பான். அவன் மீது எனக்குப் புகார் ஒன்றும் இல்லை.

நாகஸ்வரக் கச்சேரியில் ஒத்து என்று ஒரு வாத்தியம் இருந்தது. நாகஸ்வரம் போன்ற நீண்ட குழல்தான், ஆனால் ராகம் வாசிக்க விரல் துளைகள் கிடையாது. ஆதார ஸ்ருதி ஒன்றையே, மூக்கால் மூச்சை இழுத்துக் கன்னத்தில் தேக்கி, இடைவெளி விழாமல் ஊத வேண்டும். ஒரே ஸ்வரத்துக்காக ஒரு மனிதர். பிறகு ஸ்ருதிப் பெட்டி வந்தது, பெரும்பாலான இடங்களில் ஒத்துக்காரர் போனார். பெட்டி களைப்பதில்லை, பிசகுவதில்லை, பங்கும் கேட்பதில்லை. சப்தத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் நஷ்டம் என்று எதையும் காட்ட முடியாது. ஆனால் ஒத்துக்காரர் ஊதிக்கொண்டே கேட்டுக்கொண்டும் இருந்தார். பெட்டி கேட்பதில்லை. மேடையிலிருந்து போனது ஒரு ஸ்வரமல்ல, ஒரு ஜோடிக் காதுகள்.

கீபோர்டின் இடது கை விஷயமும் இதுதான். திறமையான கை, நான் தொடாத வேகத்தை எல்லாம் தொடும். ஆனால் வலது கை அவசரப்பட்டால் இடது கையும் கூடவே அவசரப்படும். இரண்டுக்கும் ஒரே மனம். அவசரப்படாமல் நிற்பதற்கு இன்னொரு ஆள் வேண்டியிருக்கிறது.

சென்ற ஆடியில் வாணியாறு அணைப் பக்கம் ஒரு கிராமத்தில் வாசித்துக்கொண்டிருந்தோம். இரண்டாவது சரணத்தின் நடுவில் என் ஒயரின் பற்றவைப்பு விட்டுப்போய், சப்தம் அறவே நின்றுவிட்டது. அரை நிமிஷம் இருக்கும். கூட்டத்தில் ஒரு தலை திரும்பவில்லை. பொரி கடலை விற்றவன் விற்றுக்கொண்டுதான் இருந்தான். திரும்பியவர் பாடகி மட்டுமே. பாட்டை விடாமல், கழுத்தை மட்டும் திருப்பி ஒரு பார்வை. பிறகு வேனில் போகும்போது சொன்னார்: "ஒண்ணுமில்ல சார், திடீர்னு கீழ தரையே இல்லாத மாதிரி ஆயிடுச்சு."

குழுத் தலைவரின் கேள்விக்குப் பதில் அந்தப் பார்வையில் இருக்கிறது என்று நினைக்கிறேன். யாருக்குக் கேட்கிறது என்றால், அவருக்குக் கேட்கிறது. நான் வாசிப்பது கூட்டத்துக்கு அல்ல. கூட்டத்துக்குப் பாடுகிற ஒருவருக்காக வாசிக்கிறேன். அமெரிக்காவில் மோட்டவுன் கம்பெனியின் அறுபதுகளின் பாடல்களுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்ஸனின் பெயர், 1971இல் மார்வின் கேயின் இசைத்தட்டு வரும்வரை உறையில் அச்சாகவில்லை. அச்சாகாத வருஷங்களிலும் அந்தப் பாட்டுகள் அவர் மேல்தான் நின்றன. இதைச் சொன்னவுடன், பலனை எதிர்பாராத கர்மம் என்று கீதையைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். எனக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. நான் கேட்கப்பட வேண்டும் என்றுதான் விரும்புகிறேன். எத்தனை பேரால் என்பதில்தான் பேராசை இல்லை. முந்நூறு பிரதி பத்திரிகையில் எழுதுகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கடைக்கு வருகிறேன். முதல் கிடாரில் தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் இரண்டு. இரண்டையும் முழுக்கத் திறந்தால் ஒன்றின் நடு ஒலிகளை மற்றது ஓரளவு தின்றுவிடும். அடியில் ஆழமும் நுனியில் மினுமினுப்பும் எஞ்சி நிற்கும். நாலு சுவருக்குள் தனியாகக் கேட்க அது பரம சுகம். கடைப் பையன்கூடக் கண்ணை மூடிக்கொண்டான். இரண்டாவதில் ஒரே பிக்கப். அவலட்சணம் என்று சொல்ல முடியாது. தொண்டை கட்டியவன் பேசுகிற மாதிரி ஒரு கரகரப்பு, அவ்வளவே. எனக்கு முதலாவதன் மீதுதான் மோகம்.

ஆனால் மேடையில் நடப்பது வேறு. ஆழத்தை டிரம்ஸின் உதை முரசு விழுங்கிவிடும், மினுமினுப்பைத் தாளத் தகடுகள் மூடிவிடும். மிஞ்சக்கூடியது நடுவில் இருக்கும் அந்தக் கரகரப்பு ஒன்றுதான், பாடுகிறவர் பிடித்துக்கொள்ளக்கூடியதும் அதுவே. தனியாக அழகாயிருப்பது கூட்டில் காணாமல் போகிறது. தனியாகச் சாதாரணமாயிருப்பது கூட்டில் தன் வேலையைச் செய்கிறது. விமர்சகன் என்ற முறையில் இது எனக்குச் சங்கடமான கண்டுபிடிப்பு. கவிதையிலிருந்து ஒரு வரியைப் பிய்த்தெடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, ஆஹா என்று எத்தனை முறை எழுதியிருக்கிறேன்! அதெல்லாம் கடைக் காது. அந்த வரி தன் கவிதைக்குள் எதைத் தாங்குகிறது என்று கேட்கும் காது எனக்கு இன்னும் சரியாக முளைக்கவில்லை.

இரண்டாவதை வாங்கினேன். நாலு கிலோவுக்கு மேல் கனம். நடுநிசிக்குள் இடது தோள் மரத்துவிடுகிறது.

பங்கு விஷயம் மட்டும் தீரவில்லை. எனக்கு வேண்டாம், அவர்கள் ஐவரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிடலாம். நண்பர்கள் மெச்சுவார்கள். ஆனால் பங்கு வாங்காதவன் பிசகினால் அவனை யாரும் கேட்க முடியாது. வேலை என்பது போய், என் பெருந்தன்மையை மற்றவர்கள் சுமப்பது என்றாகிவிடும். ஆகவே வாங்கிக்கொள்கிறேன். வாங்குகிற கை கூசத்தான் செய்கிறது. ஒத்துக்காரருக்குப் பணம் எண்ணிக் கொடுத்த கடைசி நாகஸ்வரக்காரர் என்ன நினைத்திருப்பார் என்று தோன்றுகிறது. அந்தக் கூச்சம் போய்விட்டால் நான் மோசமாக வாசிக்க ஆரம்பித்துவிடுவேன் என்றும் தோன்றுகிறது.

புதுக் கிடாரோடு இதுவரை நாலு மேடை ஆகிவிட்டது. பாடகி ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை.